பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

ஏழை இரண்டால் வகுத்தால் விடை யாது? மூன்றரை என்று பள்ளிச் சிறுவனும் கூறுவான். ஆயின், பைதன் என்னும் கணினிமொழியின் 2ஆம் பதிப்பில் அக்கணக்கை எழுதினால் 3 என்றே விடை வரும். முழுவெண்ணை முழுவெண்ணால் வகுக்குமிடத்துப் பின்னத்தை விட்டுவிடுவது அப்பதிப்பின் வழக்கம். 3ஆம் பதிப்போ அதே வரிக்கு 3.5 என்று விடை தரும். எழுதியவர் ஒருவரே, எழுத்தும் ஒன்றே. விடை மட்டும் வேறு! கூலிக் கணக்கொன்று இவ்வாறு மாறிவிடுமாயின், கணினி அதனைப் பிழையென்று எடுத்துரைப்பதில்லை. அமைதியாகத் தவறுவதே இங்குள்ள ஆபத்து.

ஒல்லாந்தரான கைடோ வான் ரொசம் ஆக்கிய பைதன் 1991இல் வெளிவந்தது. 2008 டிசெம்பரில் வெளியான 3ஆம் பதிப்பு, மொழியின் பழைய குறைகளைக் களையும் பொருட்டு, முந்தியதோடு முற்றிலும் இணங்கிப்போவதை வேண்டுமென்றே கைவிட்டது. 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆந் திகதி முடிவுற்றது. எனினும், அதில் எழுதப்பட்ட நிரல்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆகவே, ஒரே கணினியில் இரு பதிப்புகளையும் வைத்திருக்கும் தேவை பலருக்கும் நேர்ந்தது.

பழையதை அகற்றிப் புதியதை நிறுவினால் ஆகாதா? கணினியின் இயங்குதளமே தன் பணிகள் சிலவற்றுக்கு ஒரு குறித்த பதிப்பை நம்பியிருத்தல் உண்டு. அதில் கைவைப்பது, குடியிருக்கும் வீட்டின் தூணைப் பெயர்ப்பதை ஒக்கும்.

இவ்விடரைத் தீர்க்க எழுந்த கருவிகளுள் ஒன்று பையென்வ். அது இயங்குதளத்தின் பைதனைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி அடைவில் வைக்கிறது. ஒருவர் 'பைதன்' என்று தட்டெழுதியதும், வாயில்காப்போன் போல முன்னின்று, உரிய பதிப்பிடம் அவரை அனுப்புகிறது.

உரிய பதிப்பு எதுவென்று தீர்மானிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 'ஷெல்' என்னும் கட்டளையால் குறித்த பதிப்பு முதலிடம் பெறும். அது திறந்திருக்கும் அமர்வுக்கு மட்டுமே உரியது. அஃது இல்லையேல், 'லோக்கல்' என்னும் கட்டளையால் அவ்வேலைக்குரிய அடைவில் குறித்து வைத்த பதிப்பு செல்லும். அதுவும் இல்லையேல், 'குளோபல்' என்னும் கட்டளையால் அமைத்த பொதுப்பதிப்பு பணியாற்றும்.

இவை யாவற்றையும் மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. 'பையென்வ் ஹெல்ப்' என்று எழுதினால் முதன்மைக் கட்டளைகள் வரிக்கொரு விளக்கத்துடன் திரையில் தோன்றும். அதனோடு ஒரு கட்டளையின் பெயரையுஞ் சேர்த்தெழுதினால், அதனைக் கையாளும் முறை விளங்கும். 'வேர்ஷன்ஸ்' என்பது உள்ள பதிப்புகளையெல்லாம் வரிசைப்படுத்தி, நடைமுறையிலுள்ளதற்கு உடுக்குறி இடும். 'வேர்ஷன்' என்பதோ, தேர்ந்த பதிப்பையும் அதனைத் தேர்ந்த இடத்தையும் ஒருங்கே கூறும்.

நிரலை இயக்குமுன் அந்த ஒரு சொல்லைக் கேட்டறிவது கணப்பொழுது வேலை. கேளாது விட்டவருக்கோ, மூன்றரை எப்போது மூன்றாயிற்று என்பது கணக்கு முடிந்த பின்னரும் தெரியாமலே போகலாம்.