அந்நிய ஆமையும் அனுமானப் படமும்

கொல்லிமலை அடிவாரத்தில், நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த முள்ளுக்குறிச்சியில் சித்திரை வெயில் சுட்டெரிக்கும் நாளிலே மலைப்பாதை வழியாக மேலே ஏறுகிறவர், சில மைல் தூரத்திற்குள்ளாகவே வேறொரு சீதோஷ்ணத்துக்குள் பிரவேசித்துவிடுகிறார். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரி ஆறரை டிகிரி உஷ்ணம் குறையும் என்பது பூகோளம் படித்த பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆனால், அமெரிக்காவின் மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்தில் பிறந்த ஓர் ஆமை நம் தேசத்தில் எந்தெந்த இடங்களில் குடியேறி, சுதேசி ஆமைகளின் பிழைப்பைக் கெடுக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க முற்படுகிறவர்களுக்கு, இந்தச் சாதாரணக் கணக்கு பெரிய சங்கடத்தைக் கொடுக்கிறது.

அந்த ஆமைக்குச் செங்காது ஆமை என்று பெயர். கண்ணின் பின்புறம் குங்குமத்தால் இழுத்த கோடுபோல் ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். கடைக் கண்ணாடித் தொட்டியில் மூன்று சென்டிமீட்டர் குஞ்சாக நீந்தும்போது அதைப் பார்த்து மயங்காத குழந்தை இல்லை. வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி வாங்குகிற பெரியவர்களும் உண்டு. அது இருபது சென்டிமீட்டருக்கு மேல் வளரும், இருபது முப்பது ஆண்டுகள் உயிர்வாழும், தொட்டித் தண்ணீரை ஓயாமல் அசுத்தமாக்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும். 1989 முதல் 1997 வரை மட்டும் அமெரிக்காவிலிருந்து 5 கோடிக்கும் அதிகமான செங்காது ஆமைகள் வெளிதேசங்களுக்கு ஏற்றுமதியாயின. அதே அமெரிக்கா, ஸால்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்குத் தொற்றுகிறதென்று, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைத் தன் நாட்டில் விற்கக்கூடாதென 1975-லேயே தடுத்துவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வியாபாரத்துக்கு என்றுமே இரண்டு நியாயம்! ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் இறக்குமதியை நிறுத்தியது. நம் பக்கத்திலோ, மலேசியா முதலிய தேசங்களிலிருந்து வரும் பிரயாணிகளின் பெட்டிகளில் இந்தக் குஞ்சுகள் அடைக்கப்பட்டு வருவதைச் சென்னை, திருச்சி விமான நிலையங்களின் சுங்க அதிகாரிகள் அடிக்கடி கண்டுபிடித்துவருகிறார்கள்.

சாதுவாகத் தோன்றும் இந்த ஜந்து பிற ஆமைகளுக்கு என்ன தீங்கு செய்யும் என்பதை, பிரான்ஸில் காடி, ஜோலி என்ற இருவர் பரிசோதித்து 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார்கள். ஆமைக்கு வெயில் காய்வது சுகத்துக்காக அல்ல. உண்ட உணவு ஜீரணமாவதற்கே உடலில் சூடு ஏறியாக வேண்டும். ஒரே குளத்தில் ஐரோப்பியக் குளத்து ஆமையையும் செங்காது ஆமையையும் சேர்த்து விட்டபோது, நல்ல வெயிலிடங்களை வந்தேறியே பிடித்துக்கொண்டது. சுதேசி ஆமைகள் எடை குறைந்தன, சில மாண்டும் போயின. நம் ஏரிகளில் வாழும் காராமையும் கரையேறி வெயில் காய்வதுதான். அதே ஏரிகளில் வாழும் மற்றொரு சுதேசி ஆமையான பாலாமையின் சமாசாரம் கொஞ்சம் விசேஷமானது: ஆபத்து நேர்ந்தால் பின்கால்களை உள்ளே இழுத்து, அடிப்புறத்துத் தோல் மடிப்புகளால் மூடிக்கொள்ளும், கோடையில் நீர் வற்றினால் சேற்றில் புதைந்து மாதக்கணக்கில் பொறுமையாகக் கிடக்கும்.

முன்கணிப்பின் முறை விளங்காததல்ல. செங்காது ஆமை இதுவரை காணப்பட்ட இடங்களையெல்லாம் திரட்டி, அங்குள்ள வெப்பம், மழை, குளிர் ஆகியவற்றின் அளவுகளைக் கணினிக்கு ஊட்டினால், அதே இயல்புள்ள பிற பிரதேசங்களைக் கணினி நிறமிட்டுக் காட்டும். 2006-ல் வெளிவந்த 'மாக்ஸென்ட்' என்னும் முறை இதில் பிரசித்தி பெற்றது. அந்தப் படத்தின்மேல் சுதேசி ஆமைகளின் வாழிடப் படத்தை வைத்துப் பார்த்தால், இரண்டும் கவியும் இடம் அபாயப் பிரதேசம். ஆனால் கணினி தேசத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தே பார்க்கிறது. ஒரு கட்டம் பெரிதாக அமைந்து, முள்ளுக்குறிச்சியின் உஷ்ணமும் மலையுச்சியின் குளிர்ச்சியும் அதனுள் அகப்பட்டுக்கொண்டால், அதில் கிடைக்கும் சராசரி மேலேயும் பொருந்தாது, கீழேயும் பொருந்தாது. மேலும், எந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடையும் மாறும் என்று ரோடர் முதலானோர் இதே ஆமையைக் கொண்டு 2009-ல் எடுத்துக்காட்டினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. முட்டை புதைந்திருக்கும் மண் 26 டிகிரி அளவில் இருந்தால் ஆண் குஞ்சுகளும், 31 டிகிரி அளவில் இருந்தால் பெண் குஞ்சுகளும் பிறக்கின்றன. ஆகையால் பெரிய ஆமை பிழைத்திருக்கும் இடமெல்லாம் அதன் சந்ததி பெருகும் இடமென்று சொல்லிவிட முடியாது.

இவற்றையெல்லாம் திருத்திக்கொண்டாலும், மனிதனுடைய கை படத்தில் விழுவதில்லை. கௌஹாத்தியில் இந்த ஆமை தென்பட்டது உக்ரதாரா கோயில் குளத்திலே. திருச்சூரில் தென்பட்டது ஊர்க் கால்வாயிலே. வளர்த்தவர் கொல்ல மனமில்லாமல் புண்ணியமென்று எண்ணி விட்டுவிடுகிற இடங்கள் இப்படிப்பட்டவையே. வற்றாத, ஓட்டமில்லாத நீரை விரும்பும் செங்காது ஆமைக்கு, கோடைதோறும் வெடித்துக் கிடக்கும் அடிவாரத்து ஏரியைவிட நகரத்துத் தெப்பக்குளமே சௌகரியமானது. ஆகவே முள்ளுக்குறிச்சியின் பாலாமைக்கு வரக்கூடிய அபாயத்தை அளக்க விரும்புகிறவர், மழைமானியோடு, நாமக்கல்லிலும் சேலத்திலும் உள்ள வளர்ப்பு மீன் கடைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பவர்களைக் கவனிக்கும் இந்த வழியில் முந்திக்கொண்டு, செங்காது ஆமை வளர்ப்பவர்கள் அதை நீர்நிலைகளில் விடாமல் தன்னிடம் ஒப்படைக்குமாறு கேட்டுச் சேகரிக்கத் தொடங்கியது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், கேடு விளைக்கும் அந்நிய ஜீவராசிகளின் இறக்குமதியையும் வியாபாரத்தையும் வைத்திருத்தலையும் தடுக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது.