ஆய்வகச் சாதனையும் உத்தரவாதப் பத்திரமும்

சூரிய மின்கலத்தின் செயல்திறனில் புதிய சாதனை என்ற செய்தி அடிக்கடி வெளிவருகிறது. 2024-இல் சீனாவின் லோங்கி நிறுவனம், சிலிக்கான் மீது பெரோவ்ஸ்கைட் படலம் அமைந்த அடுக்கு மின்கலத்தில் 34.6 சதவீதத்தை எட்டியது. சிலிக்கான் மட்டும் கொண்ட கலம், கோட்பாட்டளவில்கூட 30 சதவீதத்தைத் தொட இயலாது. எனினும், பொருளியல் கற்பித்த எனக்கு எழும் கேள்வி வேறு: இக்கலம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?

அடுக்குக் கலத்தின் தத்துவம் எளிது. ஒளியின் நீலப் பகுதியை மேலடுக்கு மின்சாரமாக்குகிறது. சிவப்பு, அகச்சிவப்புப் பகுதிகளைச் சிலிக்கான் பயன்படுத்திக் கொள்கிறது. நிலம், தாங்குசட்டம், கூலி ஆகிய செலவுகள் பரப்பைச் சார்ந்தவை. எனவே, அதே பரப்பில் கூடுதல் மின்சாரம் கிடைத்தால் யூனிட்டுக்கான செலவு குறையும்.

ஆனால், பெரோவ்ஸ்கைட் ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் சிதையக்கூடியது. சிலிக்கான் பலகைகளுக்கோ 25 ஆண்டு உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. ஒரு கணக்குப் போடுவோம். 22 சதவீதத் திறனுள்ள பலகை 25 ஆண்டுகள் உழைத்தால் பெருக்குத்தொகை 550. திறன் 28 சதவீதமாக உயர்ந்தும் ஆயுள் 12 ஆண்டுகளே எனில், அது வெறும் 336. இரண்டும் சமமாக, புதிய பலகை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். கடன் தரும் வங்கி பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2010-இல் கிளைத்த ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. நிறுவனத்தின் அனுபவம் இதற்குச் சான்று. 2016-இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் நகரில் தொழிற்சாலை வாங்கிய அந்நிறுவனம், முதல் வணிகச் சரக்கை அமெரிக்காவுக்கு அனுப்பியது 2024-இல்தான். அப்பலகைகளின் திறன் 24.5 சதவீதம். ஒரு சதுர சென்டிமீட்டர் கலத்தில் சீராகப் படியும் படலத்தை, அதனினும் பல்லாயிரம் மடங்கு பெரிய பலகையில் பழுதின்றிப் படியவைப்பது எளிதன்று.

இந்த இடைக்காலத்தின் இழப்பை யார் ஏற்பது? சிலிக்கானுக்கு ஜெர்மனி விடை கண்டது. சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலையை அந்நாட்டின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. தேவை பெருகியது, சீனத் தொழிற்சாலைகள் உற்பத்தியைப் பெருக்கின, விலை சரிந்தது.

அடுக்குக் கலத்துக்கும் அத்தகைய பொறுப்பேற்பு தேவை. அரசு நிறுவனங்கள் சிறு அளவில் வாங்கி, வெயிலிலும் மழையிலும் சோதித்து, முடிவுகளை வெளியிட வேண்டும். உத்தரவாதத்தின் இடரில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம். பெரோவ்ஸ்கைட்டில் உள்ள ஈயத்தைத் திரும்பப் பெறும் கடமையைத் தொடக்கத்திலேயே உற்பத்தியாளர் மீது சுமத்துவதும் அவசியம்.

செயல்திறனை ஆய்வகம் ஒரே நாளில் நிரூபித்துவிடலாம். ஆயுளை நிரூபிக்கக் காலம் வேண்டும். அக்காலத்துக்கான செலவையும் ஆராய்ச்சிச் செலவாகவே கருதுவதுதான் அறிவுடைமை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).