வெயிலும் ஒரு பேரிடரே

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஒரே வீட்டில் ஒருவர் கழனிக்கும் மற்றொருவர் தொழிற்சாலைக்கும் செல்வதை நாம் காண்கிறோம். இருவருக்கும் பொதுப்பகை கோடை வெப்பமாகும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் உலகின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்ந்துவிட்டது.

வியர்வை உலர்வதாலேயே உடல் குளிர்கிறது. கடற்காற்று ஈரம் சுமந்து வரும் நாட்களில் அது எளிதில் உலர்வதில்லை. உடல் வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். அத்தகையவரைக் குடித்தவர் என்றெண்ணி விலகிச் சென்றால் உயிர் போய்விடும். உடனே 108-ஐ அழைத்து, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டலாகாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; அதனால் இறந்தோர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் வகுத்தது. எனினும் நிவாரணத்தினும் தடுப்பே மேலன்றோ? ஆதலின் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பங்குனி பிறக்குமுன்னரே, ஆலைப் பேருந்துகள் நிற்குமிடங்களில் நிழற்கூரையும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தல் வேண்டும். விவசாயிகள் நண்பகல் 12 முதல் 3 மணி வரை கழனி வேலையை நிறுத்தி, உப்பிட்ட மோரோ கஞ்சியோ அருந்துதல் நலம். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் வேம்பும் புங்கமும் நட்டு வளர்ப்போமாக.