முதல் 500 கிலோமீட்டரும் அதன்பின் எடுக்கும் ஸ்பேனரும்

மன்னார்புரம் நான்கு ரோட்டில் நின்றால் திருச்சியை விட்டு வெளியேற எந்த வழியையும் பிடித்துவிடலாம். தெற்கே பஞ்சப்பூர், விராலிமலை தாண்டி மதுரை. டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் திரும்பினால் விமான நிலையம் வழியாகப் புதுக்கோட்டை, திருவெறும்பூர் வழியாகத் தஞ்சாவூர், காவிரியைக் கடந்தால் சென்னை. இந்த இடத்தில் குடியிருப்பவர் புதிதாக ஒரு அட்வென்ச்சர் பைக் எடுத்தால், பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு அவருக்கு வரும் முதல் ஆசை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நான்கு வழிச்சாலையில் ஏறி, மதுரையில் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். புது இன்ஜினுக்கு அதைவிடக் கெடுதலான பயணம் அதிகமில்லை. வேகமாகப் போனால் மட்டும்தான் கெடுதல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அறுபதிலேயே போனாலும், மணிக்கணக்காக ஒரே அறுபதில் போவதுதான் வில்லங்கம்.

அட்வென்ச்சர் டூரிங் வகை வண்டி நம் ஊருக்கு அந்நியமானதல்ல. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து இங்கே காலூன்றிய ராயல் என்ஃபீல்டு, 2016இல் 411 சிசி ஹிமாலயனைக் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் அதன் இடத்துக்கு 452 சிசி இன்ஜினோடு அடுத்த ஹிமாலயன் வந்தது. பெயர்தான் இமயமலை, கம்பெனியின் ஆலைகள் சென்னையை அடுத்த ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. ஓசூர் டி.வி.எஸ்.ஸும் 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 என்று இந்தப் போட்டியில் இறங்கிவிட்டது. புது ஹிமாலயனின் கணக்கைப் பார்த்தாலே இந்த வகையின் குணம் புரியும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 230 மி.மீ. இடைவெளி. இரண்டு சஸ்பென்ஷனும் 200 மி.மீ. ஏறி இறங்கும். டேங்க் 17 லிட்டர், சீட் உயரம் 825 மி.மீ., பெட்ரோலோடு எடை 196 கிலோ. பள்ளத்தில் இறங்கி ஏறவும், மூட்டை முடிச்சோடு நாள் முழுக்க ஓடவும் பிறந்த வண்டி. ஐந்தரை அடி ஆளுக்கு சிக்னலில் கால் ஊன்றுவது மட்டும் கொஞ்சம் சிரமம்.

இன்ஜினுக்குள் முதல் சில நூறு கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர் வழவழவென்று இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட்டிருப்பார்கள். ஹோனிங் என்று பெயர். புது அம்மியைக் கொத்திவிட்டு உபயோகிப்பது போலத்தான். கீறலின் பள்ளத்தில் எண்ணெய் தங்கும். மேட்டில் பிஸ்டன் ரிங் உரசி, மேடும் ரிங்கும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தும். இந்தப் பொருத்தம் சரியாக அமைந்தால்தான் எரியும் வாயு கீழே கசியாது, கீழிருக்கும் ஆயில் மேலேறி எரியாது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது என்பதில்தான் சூட்சுமம். ரிங்கின் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். எரிந்த வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரைத் திறந்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். பயந்து பயந்து, முறுக்காமலே ஓட்டினால் ரிங் மேட்டைச் சரியாகத் தேய்க்காது. சுவரில் படிந்த ஆயில் சூட்டில் இறுகி, மினுக்கென்று ஒரு பூச்சாக மாறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ரிங் அமராது. வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும். மறுபக்கம், முதல் நாளே சிவப்புக் கோடு வரை விரட்டினால், இன்னும் பொருந்தாத மேடுகளில் சூடு குவிந்து உலோகம் உலோகத்தைப் பிறாண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏற்ற இறக்கம். மிதமாக முறுக்கி வேகம் எடுப்பது, பிறகு ஆக்ஸிலரேட்டரை விட்டு கியரிலேயே வேகம் குறைய விடுவது. விடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்து, தேய்ந்த துகளைக் கழுவிக் குளிர்விக்கிறது என்பார்கள் மெக்கானிக்குகள்.

“ஐந்நூறு கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதே தம்பி” என்று வீட்டுக்கு வீடு ஒரு பெரியப்பா சொல்வார். அவர் காலத்து வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டுக்கு அது நியாயமான புத்திமதி. அன்றைய கடைசல் வேலையின் நுணுக்கம் அவ்வளவுதான். பொருத்தத்தில் பெரும்பங்கை ஓட்டுபவரே ரோட்டில் முடிக்க வேண்டியிருந்தது. இன்று கணினி இயந்திரங்கள் மைக்ரான் கணக்கில் கடைந்து அனுப்புகின்றன. இப்போதைய வண்டிக்கு வேகத்தைவிட இன்ஜின் சுற்று முக்கியம். ஆறாவது கியரில் நாற்பதில் போவது இன்ஜினைத் திணறடிப்பது. இரண்டாவது கியரில் அதே நாற்பது அலறடிப்பது. பெரியப்பா சொன்ன எல்லை இரண்டையும் அனுமதிக்கிறது! கையேட்டில் எத்தனை ஆர்.பி.எம். வரை என்று போட்டிருக்கிறதோ அதற்குள் நின்று, அந்த எல்லைக்குள் எல்லா சுற்றுகளையும் தொட்டு வர வேண்டும். ‘முதல் கிலோமீட்டரிலிருந்தே முழுசாக முறுக்கு’ என்று ஒரு கட்சி உலகமெங்கும் இருக்கிறது. ரிங்குக்கு அழுத்தம் வேண்டும் என்ற வரையில் அவர்கள் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் வாரண்டி கையேட்டின் பக்கம்தான் நிற்கும்.

இப்படிச் சுற்றை ஏற்றி இறக்கி ஓட்ட மன்னார்புரத்துக்காரருக்குத் தோதான பாதை, காவிரிப் பாலம் தாண்டித் திருவானைக்காவலில் வலப்பக்கம் பிரியும் கல்லணை ரோடு. உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத் தோட்டங்களை ஒட்டி ஓடுகிறது. வளைவு, ஊருக்கு ஊர் வேகத்தடை, எதிரே வரும் டிராக்டர், கொஞ்ச தூரம் காலி ரோடு. கியரை நீங்கள் மாற்ற வேண்டாம், ரோடே மாற்ற வைக்கும். போய்ச் சேர்ந்து கல்லணையில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சூடாகி முழுக்க ஆறுவதும் புது இன்ஜினைப் பழக்குவதில் ஒரு பகுதிதான். சித்திரை வெயிலில் சத்திரம் பேருந்து நிலைய நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஓட நிற்பதை மட்டும் முதல் சில வாரங்களில் தவிர்ப்பது நல்லது.

இன்ஜின் மட்டுமே பழகுவதாக நினைத்தால் பாதிதான் சரி. புது டயரின் மேற்பரப்பு கொஞ்சம் வழுக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவில் சாய்த்துப் பார்க்கும் வீரம் ஆகாது. பிரேக் பேடும் டிஸ்கும் ஒன்றையொன்று பிடிக்க, மிதமான வேகத்திலிருந்து பலமுறை அழுத்திக் குறைக்க வேண்டும். செயின் முதலில் கொஞ்சம் தளரும். கம்பிச் சக்கரத்தில் ஸ்போக்குகளும் அப்படித்தான். தளர்ந்த ஸ்போக்கைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். ‘டிங்’ என்று எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசினால் சரி. நடுவில் ஒன்று ‘தொப்’ என்றால் அதைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நீங்களே முறுக்கப் போனால் ரிம் கோணிவிடும்.

ஹிமாலயனுக்கு முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில். அப்போது வடிக்கும் ஆயிலை ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். வெயிலில் சாய்த்தால் வெள்ளித் தூள் போல மின்னும். தேய்ந்து கழிந்த மேடுகள்தான் அவை. ‘ஆயில் கறுக்கவே இல்லையே, இன்னும் ஆயிரம் ஓட்டலாமே’ என்று அந்த சர்வீஸைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். லட்சக்கணக்கில் வண்டிக்குக் கொடுத்தவர்கள் கஞ்சத்தனம் காட்டத் தேர்ந்தெடுக்கும் இடம் அது!

இனி அலங்காரம். ஷோரூமிலேயே பட்டியலை நீட்டுவார்கள். என் கட்சி, அந்த 500 கிலோமீட்டர் முடியும்வரை ஒரு நட்டுகூட வாங்கக் கூடாது என்பது. மணிக்கட்டு வலிக்கிறதா, முழங்கால் மடங்குகிறதா, காற்று நெஞ்சில் அடிக்கிறதா தலையில் அடிக்கிறதா என்று உடம்பு சொல்ல அவ்வளவு தூரமாவது ஆகும். சொன்ன பிறகும் முதலில் காசில்லாத வேலைகள். கிளட்ச், பிரேக் லீவர்களின் கோணத்தை முன்கையோடு நேர்கோட்டில் வரும்படி திருப்பலாம். போட்டிருக்கும் பூட்ஸுக்கு ஏற்பக் கியர் பெடலை ஒரு படி ஏற்றலாம். ஹாண்டில்பார் உயர்த்தும் கட்டையைப் பலர் அவசரப்பட்டு வாங்குவதே, லீவரைத் திருப்பிப் பார்க்காததால்தான். அப்படியும் வாங்கினால், ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பிரேக் ஹோஸும் ஒயர்களும் விறைக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

காசில்லாத வேலைகளில் பெரியது பின் ஷாக்கின் ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்வது. மூன்று பேரும் ஒரு டேப்பும் போதும். ஒருவர் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, பின்சக்கரம் தரையை விட்டு எழும் நிலையில் அச்சிலிருந்து வாலில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் ஏறி உட்கார, ஒருவர் வண்டி சாயாமல் முன்னால் பிடித்துக்கொள்ள, அதே இடத்தை மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் மொத்த அசைவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது, 200 மி.மீ. அசையும் ஷாக்குக்கு 50 முதல் 65 மி.மீ. அதற்கு மேல் அமிழ்ந்தால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். பின்னால் வீட்டம்மாவும் மூட்டையும் ஏறும் நாளில் இந்தக் கணக்கே வேறு.

அடுத்து இரும்பு வேலை. கிராஷ் கார்டு, இன்ஜினுக்கு அடியில் தகடு, கை கார்டு இவை மூன்றும் விழுந்தால் காப்பாற்றுபவை, மறுபேச்சில்லை. பைகளையும் பெட்டியையும் தாங்கும் லடாக் கேரியரில்தான் யோசனை வேண்டும். திருச்சி வெல்டிங்குக்குப் பேர்போன ஊர். பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975இலிருந்து இங்கே இருக்கிறது. அரியமங்கலம், துவாக்குடி பக்கம் பாய்லர் உதிரிபாகம் செய்து பழகிய பட்டறைகள் ஏராளம். மைல்டு ஸ்டீல் குழாயில் ஒரு கேரியர் கேட்டால் கச்சிதமாக வளைத்துக் கொடுப்பார்கள். எடை கூடினாலும் எனக்கு மைல்டு ஸ்டீல்தான் பிடிக்கும். வழியில் விரிசல் விட்டால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒட்டிவிடலாம். அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். ஒரே நிபந்தனை, வண்டியில் வைத்து ஒட்டக் கூடாது. வெல்டிங் கரண்ட் ஒயரிங் வழியாகப் பாய்ந்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு. போய்விடும். அளவெடுத்து, கழற்றி, மேசையில் வைத்து ஒட்டி, போல்ட்டில் மாட்ட வேண்டும்.

மாட்டிய கேரியரில் எதை எங்கே வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் டாப் பாக்ஸை நிரப்பினால் முன்சக்கரத்தின் பளு குறைந்து ஹாண்டில் லேசாகிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த லேசு உடம்பில் தெரியும். கனமான டூல்ஸ், தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கப் பைகளில் கீழேயும் முன்னேயும். தூங்கும் பை, மழைக்கோட்டு மேலே.

கூடுதல் விளக்குக்கு ஒரு வரி போதும். 40 வாட் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்ப். தனி ரிலே, 10 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு பேட்டரியிலிருந்து இழுங்கள், ஹெட்லைட் ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள்.

பலர் முதலில் கழற்றி மூலையில் போடுவது சேலை கார்டை. அட்வென்ச்சர் வண்டிக்கு அது அழகில்லையாம். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இன்னும் பெரியது: ஆர்.சி.யில் பதிவான விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கழற்றி மாட்டும் பையால் வம்பில்லை. தெருவையே எழுப்பும் சைலன்சர் வம்பு. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் எழுதிக்கொள்ள வேண்டும். மாட்டிய உபகரணங்களை இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்த்தால்தான் விபத்தில் அவற்றுக்கும் பணம் கேட்க முடியும்.

முழுச் சுமையோடு போகும் முதல் பயணத்துக்குத் துறையூர் வழியாகப் பச்சமலை சரியான தூரம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு. கிளம்புமுன் கேரியர், கிராஷ் கார்டு போல்ட்டுகள் ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிடுங்கள். துறையூரில் டீ குடிக்க நிற்கும்போது ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தால் போதும். கோடு எங்கே ஒடிந்திருக்கிறதோ அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது. மலையேறும் முன் அதை இறுக்கிக்கொள்ளலாம்.