திரும்பிப் போக ரயில் இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்

காரைக்குடிக்கு அருகே உள்ள கானாடுகாத்தானைச் சைக்கிளில் சுற்ற நல்ல நேரம், விடிந்ததும் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரம்தான். தெருக்கள் நேர்கோடு. வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மேடு பெரிதாகக் கிடையாது; எட்டு வயதுப் பிள்ளைகூட மூச்சு வாங்காமல் மிதிக்கும். ஆத்தங்குடி வரை போனால் கண்ணாடிப் பலகையில் சாயக் குழம்பை ஊற்றி, கையாலேயே ஓடு வார்ப்பதைப் பார்க்கலாம்.

வாடகைச் சைக்கிளை வாங்கியதும் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் வேறு கேளுங்கள். எனக்கு ஒருமுறை வந்த வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பே ரிம்மில் உரசியது. “உள்ளூருக்கு இது போதும் சார்” என்றார் கொடுத்தவர். போதாது. பில் கேட்டு வாங்குங்கள்; பழுதான வண்டியால் அடிபட்டால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம். 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம்.

திருமயம் கோட்டை 1687-ல் கட்டியது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். பிள்ளைகளோடு சைக்கிளில் வேண்டாம், காரில் போங்கள்.

ஊர்ச் சாலையிலும் வண்டி மோதலாம். மோதியவர் இரண்டாயிரம் ரூபாயை நீட்டுவார். “சைக்கிளுக்கு ஏது இன்சூரன்ஸ், வாங்கிட்டுப் போங்க” என்று கூட்டத்தில் ஒருவர் நாட்டாமை செய்வார். மாலை ரயிலை நினைத்து நாமும் வாங்கிக்கொள்வோம். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் தேவையே இல்லை. மோதிய வண்டிக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீடு, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். எதிலும் கையெழுத்துப் போடாமல் நம்பர் பிளேட்டைப் படம் எடுங்கள். 108-ஐ அழையுங்கள். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டு, இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. போலீசில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள், அதற்குக் காசில்லை.

இழப்பீட்டுக்காகக் காரைக்குடிக்கும் உங்கள் ஊருக்கும் அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். அதற்குள் போட்டுவிடுவதே பத்திரம். யார் தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இவை 2 லட்சம், 50,000 ரூபாய். அந்த விண்ணப்பம் மட்டும் விபத்து நடந்த பகுதியின் வருவாய் அதிகாரியிடம் போகும்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். மீதித் தவணைகளை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசி போட்ட சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.