சசாக் மொழியும் குழந்தையின் முதல் வாசிப்பும்

இந்தோனேசியாவில் பாலித் தீவுக்குக் கிழக்கே உள்ள லொம்போக் தீவின் பெரும்பான்மை மக்களான சசாக் இனத்தவரின் தாய்மொழி, ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்த சசாக் ஆகும். 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் இம்மொழிக்கு உடனடி அழிவு அச்சம் இல்லை. ஆயினும் கல்வியும் அலுவலும் ஊடகமும் தேசிய மொழியான இந்தோனேசியத்திலேயே நடைபெறுவதால், மாத்தரம் போன்ற நகர்ப்புறங்களில் பிள்ளைகளோடு அம்மொழியிலேயே பேசும் பெற்றோர் பெருகி வருகின்றனர்.

முறையான எழுத்துப் பயிற்சிக்கு முன்பே கதை கேட்டல், ஒலிகளைப் பிரித்தறிதல், படம் பார்த்துப் பேசுதல் ஆகியவற்றின் வழியே குழந்தையிடம் உருவாகும் திறன்களின் தொகுதியைக் கல்வியாளர்கள் தொடக்க எழுத்தறிவு என்பர். வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லை எழுத்தில் காணும் குழந்தை அதன் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை மட்டும் கற்றால் போதும். சசாக்கும் இந்தோனேசியமும் இன்று உரோமன் எழுத்திலேயே எழுதப்படுவதால், ஒன்றில் பெற்ற வாசிப்புத் திறன் மற்றொன்றுக்கும் உதவுகிறது. ஆகவே தாய்மொழி வாசிப்பு தேசிய மொழிக் கல்விக்குத் தடையாகும் என்னும் அச்சத்துக்கு இடமில்லை.

நடைமுறையில் இரு சிக்கல்கள் உள்ளன. சசாக்கில் ஐந்து முதன்மை வட்டார வழக்குகள் இருப்பதால், ஒரு வழக்கில் அச்சிட்ட நூல் மற்றொரு பகுதிக் குழந்தைக்கு அயலாகத் தோன்றலாம். மேலும், கேட்பவரின் தகுதிக்கேற்பச் சொற்கள் மாறும் மரியாதை நடை இம்மொழியில் உண்டு; உயர்நடையான 'அலுஸ்' பழகாத இளம் பெற்றோர் பிழை நேருமோ என்று தயங்கி, அத்தகைய வேறுபாடில்லாத இந்தோனேசியத்தை நாடுவதும் இயல்பே. எனவே தொடக்க நூல்கள் அந்தந்த வட்டாரத்தின் அன்றாடப் பேச்சில் அமைந்து, உயர்நடையைப் பின்னர் படிப்படியாக அறிமுகப்படுத்துதல் பொருத்தமாகும்.

1945ஆம் ஆண்டு இந்தோனேசிய அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு வட்டார மொழிகளைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாகப் போற்றுகிறது. அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2022இல் தொடங்கிய வட்டார மொழி மீட்புத் திட்டம், கதை சொல்லுதல், கவிதை வாசித்தல் முதலிய போட்டிகளைத் தாய்மொழித் தளிர் விழாக்களில் நடத்துகிறது. ஆனால் அது தொடக்க, இடைநிலைப் பள்ளி மாணவர்களையே முதன்மையாகக் கருதுவதால், அதற்கு முந்தைய வயதினருக்கான பொறுப்பு பெரும்பாலும் வீட்டையும் மழலையர் பள்ளியையும் சார்கிறது.

அப்பொறுப்பை ஏற்பதற்குரிய மரபு லொம்போக்கிலேயே உள்ளது. பல்லவ எழுத்தின் வழித்தோன்றலான காவி எழுத்திலிருந்து கிளைத்த எழுத்தில், பனையோலையில் எழுதப்பட்ட 'லொந்தார்' சுவடிகளைச் சசாக் மக்கள் 'பெபவோசான்' என்னும் நிகழ்வில் கூடி வாசிப்பர். ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் கேட்போருக்குப் பொருள் விளக்குவார். குரங்கும் தவளையும் வரும் 'தெகோடெக்' கதை போன்ற நாட்டார் கதைகளைப் படநூலாக்கி, பெரியவர் படிக்கக் குழந்தை கேட்டும் வினவியும் பங்கேற்கச் செய்தால், அக்கூட்டு வாசிப்பு அடுத்த தலைமுறையின் தொடக்கக் கல்வியாகவும் அமையும்.