பெயர் சொல்லாத உரை பிறந்த வீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சிற்றூர் கெட்டிஸ்பர்க். ஊர் நடுவே, நான்கு சாலைகள் கூடும் சதுக்கத்தில் பழைய செங்கல் வீடு ஒன்று இருக்கிறது. 1863 நவம்பர் 18 இரவு, இந்த வீட்டு மாடியறையில்தான் அதிபர் ஆபிரகாம் லிங்கன் மறுநாள் பேச வேண்டிய உரையை எழுதி முடித்தார்.

ரயிலில் வரும்போது ஓர் உறையின் பின்புறம் அவசரமாகக் கிறுக்கிய உரை என்று அதைச் சொல்வார்கள். அது வெறும் கதை. வாஷிங்டனிலேயே எழுதத் தொடங்கி, இந்த அறையில் திருத்தி, அன்றிரவே உரையோடு பக்கத்து வீட்டில் தங்கியிருந்த அமைச்சர் வில்லியம் சீவர்டைத் தேடிப் போனார் லிங்கன்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் டேவிட் வில்ஸ் என்ற இளம் வக்கீல். வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில், அந்த ஆண்டு ஜூலையில் இந்த ஊரில் மூன்று நாள் நடந்த சண்டையில் இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 50,000 பேர். ஊரின் மக்கள்தொகையோ 2,400தான். அவசரத்தில் ஆழமில்லாமல் தோண்டிய குழிகளை மழை கரைத்தது. வடபகுதி வீரர்களை முறையாக அடக்கம் செய்ய 17 ஏக்கர் நிலம் வாங்க ஏற்பாடு செய்தார் வில்ஸ். மகனைப் பறிகொடுத்த குடும்பங்களின் கடிதங்கள் கீழ்த்தளத்தில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு வந்தன.

மாடியில் இருந்த லிங்கனும் ஒரு தகப்பன்தான். முந்தைய ஆண்டு மகன் வில்லியைப் பறிகொடுத்தவர். இப்போது இளைய மகன் டாட் நோயில் படுத்திருந்தான். பிள்ளைக்குத் தேவலை என்று அன்றிரவு தந்தி வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்திருக்கும்.

மறுநாள் வில்ஸ் ஏற்பாடு செய்த நிலத்தில் அமைந்த கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவில் முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள், இரண்டு நிமிடம்போல. விழாவின் மையக் கருத்தை லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டதை வியந்து எவரெட்டே மறுநாள் அவருக்குக் கடிதம் எழுதினார்.

தேசியப் பூங்காத் துறை 2009இல் இந்த வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தது. இங்கே வருகிறவர்கள் முதலில் வில்ஸின் அலுவலகத்தில் நின்றுவிட்டு, பிறகு மாடியேற வேண்டும். கீழே வந்து சேர்ந்த கடிதங்களில் பெயர்கள் இருந்தன. மேலே எழுதிய உரையில் ஒரு வீரனின் பெயரோ, தளபதியின் பெயரோ, ஊரின் பெயரோ கிடையாது. அந்தத் தோட்டத்தில் பெயர் தெரியாமலே புதைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களையும் விட்டுவிடாத உரை அது.